கூழைக்கடாவின் சிறகுக்கு எத்தனை கீல்?

பலூன்களில் வீடு பறக்கும் ‘அப்’ படத்தைப் பார்த்து முடித்த பிள்ளைகளிடம், அந்த வீடு தரையைவிட்டுக் கிளம்பும் காட்சியில் 20,622 பலூன்கள் இருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். வாயைப் பிளப்பார்கள். மற்ற காட்சிகள் பெரும்பாலானவற்றில் 10,297 பலூன்கள்தான் என்று சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அத்தோடு சரி, பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அதே பிள்ளைகளிடம், நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு பெண் கறுப்பு அட்டையைக் கத்தரித்து, கை கால்களைக் கம்பியால் கோத்து, கண்ணாடி மேசையில் படுக்கவைத்து, துளித்துளியாக நகர்த்திப் படமெடுத்தார் என்று சொன்னபோது, “டீச்சர், எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் இருக்கிறது” என்றாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி.

திரைப்படத்துக்குப் பின்னால் நடந்த கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைக்கும் யாருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தங்கள் கையால் செய்து பார்க்க முடிகிற செய்தியைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கையும் செலவும் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு வேண்டியது வழிமுறை.

எங்கள் ஊர் நாங்குநேரி வட்டாரத்தில், கூந்தன்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் சார்பில் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் படம் போடுவோம். நான் ஓவிய ஆசிரியை என்பதால் படத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. படம் பார்ப்பதோடு நின்றிருந்த அந்தக் கூட்டம், கத்தரிக்கோல் சிறுமியின் ஒற்றைச் சொல்லால் படம் எடுக்கும் கூட்டமாக மாறியது. ஒரு கூழைக்கடா (பெலிகன்) குஞ்சைப் பற்றி, கறுப்பு அட்டை உருவங்கள் நடிக்கும், மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நிழல்படம் ஒன்றை எடுத்து முடித்தோம். எடுத்த விதத்தைச் சொல்கிறேன். வேறு ஊரில் யாராவது தொடங்க நினைத்தால் உதவும்.

அந்த ஜெர்மன் பெண்ணின் பெயர் லோட்டே ரைனிகர். 1923-இல் தொடங்கி 1926-இல் முடித்த ‘இளவரசர் அகமதுவின் சாகசங்கள்’ இன்றைக்குக் கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களிலேயே மிகப் பழையது. ‘ஸ்னோ ஒயிட்’ வெளியாவதற்கு 11 ஆண்டுகள் முந்தியது. லூயி ஹாகன் என்ற வங்கியாளர் பணம் கொடுத்தார். போட்ஸ்டாம் நகரில் அவருடைய கார் கொட்டகைக்கு மேலே இருந்த மச்சுதான் ஸ்டூடியோ. கணவர் கார்ல் கோக் கேமராவைப் பார்த்துக்கொண்டார். ஒரு கண்ணாடிப் பலகை, அதற்குக் கீழே விளக்கு, மேலே தலைகுப்புறத் தொங்கும் கேமரா. உள்ளே நடப்பது இவ்வளவுதான் என்று கரும்பலகையில் வரைந்து காட்டியபோது பிள்ளைகளின் முகத்தில் வந்த தெளிவை, எந்தக் கணினி அனிமேஷனை விளக்கியபோதும் நான் பார்த்ததில்லை.

ஓர் எச்சரிக்கை. அந்தப் படத்தை முழுதாக ஓடவிட வேண்டாம், சில காட்சிகள் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. நான் முன்பே உட்கார்ந்து பார்த்துவிட்டு, பறக்கும் குதிரை வரும் பகுதியையும், மந்திரவாதியும் சூனியக்காரியும் ஒன்றன்பின் ஒன்றாக விலங்குகளாக உருமாறிச் சண்டையிடும் பகுதியையும் மட்டும் போட்டேன். அந்தச் சண்டையை மறுபடியும் மறுபடியும் கேட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. பின்வரிசையில் நின்று பார்த்த தாத்தா ஒருவர், “இது நம்ம தோல்பாவைக் கூத்துதானே” என்றார். உண்மைதான். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கங்களில் மண்டிகர் குடும்பங்கள் ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்து, தொடர்ந்து பல இரவுகள் ராமாயணம் நடத்துவார்கள். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு. ஆட்டுத் தோலைச் சுரண்டி ஒளி ஊடுருவும்படி செய்து வண்ணம் தீட்டிய பாவைகள். ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும், இடையில் வந்து சிரிக்கவைக்கும் உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் எல்லாக் குரலும் ஒரே ஆள் கொடுப்பார். அந்தத் தாத்தாவையே முன்னால் வரச்சொல்லி, தான் சிறுவயதில் பார்த்த கூத்தைப் பற்றிப் பேசவைத்தோம். “விளக்குப் பக்கம் பாவையைக் கொண்டுபோனால் அனுமார் பெரிதாவார், துணியை ஒட்டி வைத்தால் சுருங்குவார்” என்று அவர் சொன்ன ஒரு வரி, நான் அரை மணி நேரம் பேசியதைவிட அதிகம் புரியவைத்தது. எந்த ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மேசைக்கு நாங்கள் செலவழித்தது மிகக் குறைவு. பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை இரண்டு முக்காலிகள் மேல் வைத்தோம். கண்ணாடியின் விளிம்பில் கை கிழியாமல் இருக்கத் தடித்த நாடா ஒட்ட வேண்டும், இதில் சோம்பல் கூடாது. கண்ணாடி மேல் டிரேசிங் பேப்பர். கீழே மின்வெட்டு நேரத்தில் எரியவிடும் எமர்ஜென்சி விளக்கு. முதலில் வீட்டு எல்.இ.டி. பல்பைத்தான் வைத்திருந்தோம். படங்களைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் மாலையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும், பல்புகளின் ஒளியும் அதோடு ஆடும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடு நூற்றுக்கணக்கான படங்களைத் தொடர்ந்து ஓட்டும்போது தெரிந்துவிடுகிறது. பேட்டரி விளக்குக்கு மாறியதும் துடிப்பு நின்றது. ஜன்னலையும் மூடிவிட வேண்டும். ஒரு மேகம் கடந்து போனாலே ஐந்தாறு படங்களின் நிறம் மாறிவிடும்.

கைபேசியைக் கண்ணாடிக்கு நேர் மேலே பொருத்த, ஒரு மரப்பலகையில் கேமரா எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஓட்டை போட்டு இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் கிடத்தினோம். பிறகு செய்ய வேண்டியவை: திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கைபேசி தானாகவே ஒரு முடிவெடுக்கும். அழைப்பு வந்து அதிராமல் இருக்க விமானப் பயன்முறையில் போட வேண்டும். படமெடுக்கக் கைபேசியைத் தொடவே கூடாது. கம்பியுள்ள இயர்போனைச் செருகி அதன் ஒலிக்கூட்டும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகள் படமெடுத்துவிடும். ஐம்பது ரூபாய் இயர்போன் அந்தக் கோடை முழுவதும் எங்கள் கேமராப் பொத்தானாக இருந்தது. படங்களைக் கோக்க ‘ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ’ என்ற செயலி போதுமானது.

கணக்கையும் பிள்ளைகளையே போடச் சொன்னேன். திரையரங்கில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் படங்களில் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைப்பார்கள், ஆக நொடிக்கு 12 ஓவியம். நாமும் 12 என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்கு 720 படம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்த கணத்தில் அவர்களே கதையைச் சுருக்கினார்கள். சந்தைக் காட்சி போயிற்று, பள்ளிக்கூடக் காட்சி போயிற்று. குஞ்சு, ஆச்சி, மரம், குளம் மட்டும் நின்றன. ‘லயன் கிங்’ படத்தில் காட்டெருமைக் கூட்டம் பாய்ந்து வரும் இரண்டரை நிமிடக் காட்சிக்கு டிஸ்னி ஸ்டூடியோவே ஆண்டுக்கணக்கில் உழைத்தது என்று அப்போது சொன்னேன். எங்கள் கதையில் இருந்த நாரைக் கூட்டத்தையும் மூன்று பறவைகளாகக் குறைத்துக்கொண்டார்கள். செய்தி சொல்ல வேண்டிய நேரம் இதுதான்: அவர்களுக்கு அந்தச் சிக்கல் வந்து நிற்கிற நேரம். அதற்கு முன்பே சொல்லியிருந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார்கள்.

உருவங்களுக்கு அட்டை தேடி அலைய வேண்டியதில்லை. நம் ஊர்களில் கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றனவே. நல்ல மொத்தமான அட்டை, கறுப்புச் சாயம் பூசினால் அருமையாக நிற்கிறது. ஆனால் ஒரு தொல்லை. எங்கள் வட்டாரத்துக் காற்று சாதாரணக் காற்று இல்லை. பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மாவா? கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியே வந்து சிறகைத் தூக்கிவிடும். மின்விசிறியைப் போடவே முடியாது. ரைனிகர் தம் உருவங்களுக்கு அட்டையோடு மெல்லிய ஈயத் தகட்டையும் சேர்த்துப் பயன்படுத்தினார் என்று படித்திருந்தேன். தட்டையாகப் படுத்துக் கிடக்க அது உதவியிருக்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னதும், சைக்கிள் கடைக்காரர் மகன் ஒரு கை நிறைய வாஷர்களோடு வந்து நின்றான். உருவத்தின் மேல் வாஷரை ஒட்டினால் படத்தில் தெரியாது, கறுப்போடு கறுப்பாகப் போய்விடும். கனமும் கிடைத்துவிடும். ஈயம் நஞ்சு, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. வாஷர் அதைவிட நல்லது.

எனக்கு இந்த முயற்சியிலேயே மிகவும் பிடித்த பகுதி சிறகுதான். முதல் கூழைக்கடாவுக்கு ஒரு சிறகு, தோளில் ஒரு கீல் என்று வெட்டினார்கள். ஓட்டிப் பார்த்தால் பறவை பறக்கவில்லை, விசிறி வீசிக்கொண்டிருந்தது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் எல்லோரையும் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போனோம்.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள்போலத்தான் வைத்திருக்கிறார்கள். குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல் தெருவில் வீட்டுக்கு வீடு நிற்கிற மரங்களிலும் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூடு கட்டும். தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்காது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பது அங்கே வழக்கம். எங்கள் கதையும் அங்கிருந்துதான் வந்தது.

‘பேம்பி’ படத்துக்காக டிஸ்னி ஸ்டூடியோவுக்கு உயிருள்ள மான் குட்டிகளையே கொண்டுவந்து, ஓவியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். 1942-இல் வெளியான படம் அது. ‘ஃபைண்டிங் நீமோ’வை எடுத்தவர்கள் மீனின் உடலமைப்பை ஆராயும் விஞ்ஞானி ஒருவரை வரவழைத்துப் பாடம் கேட்டார்கள், கடலுக்குள் இறங்கியும் பார்த்தார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை, பறவைகள் நம் தலைக்கு மேலேயே இருக்கின்றன என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்கு நான் வைத்த விதி ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு பறவை, அதன் ஒரே ஓர் உறுப்பு. அதை மட்டும் பார்க்க வேண்டும். இதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். “பறவையைப் பார்” என்றால் எதையும் பார்க்க மாட்டார்கள். “கழுத்தை மட்டும் பார்” என்றால் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். கழுத்தைப் பார்த்தவள் வந்து சொன்னாள்: நாரை பறக்கும்போது கழுத்தை நீட்டிக்கொள்கிறது, கூழைக்கடா பின்னால் மடித்து வைத்துக்கொள்கிறது. காலைப் பார்த்தவன், நாரையின் கால்கள் வாலைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கின்றன என்றான். தண்ணீரிலிருந்து எழும்பும் கூழைக்கடா இரண்டு கால்களையும் சேர்த்து ஒரே சமயத்தில் தண்ணீரை உதைத்துக்கொண்டு எழும்புவதை இன்னொருவன் பார்த்தான். ஒருவர் நடப்பதுபோல மாற்றி மாற்றி வைக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் சொன்ன பிறகு எல்லோரும் உட்கார்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

சிறகைப் பார்க்கச் சொன்னது கத்தரிக்கோல் சிறுமியிடம். விரித்தால் எட்டடிக்கு வரக்கூடிய சிறகு அது. நெடுநேரம் தன் கையையே மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஓடிவந்து, “டீச்சர், அதற்கும் முழங்கை இருக்கிறது, மணிக்கட்டும் இருக்கிறது. கீழே அடிக்கும்போது நேராக நீட்டுகிறது, மேலே தூக்கும்போது மடக்கிக்கொள்கிறது” என்றாள். ஆக, தோள், முழங்கை, மணிக்கட்டு. மூன்று கீல்.

அந்த மூன்று கீல் சிறகு எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். மூன்று துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஒரு விரல் அகலத்துக்கு ஏறியிருக்கும்படி வெட்டினாள். ஏறாமல் விட்டால் மடக்கும்போது இடையில் வெளிச்சம் கசியும். ஏறியிருக்கும் இடத்தில் தையல் ஊசியால் துளை போட்டு, கெட்டியான தையல் நூலை விட்டு, இரண்டு பக்கமும் கடுகளவு முடிச்சு. முடிச்சு இறுகினால் சிறகு நகராது, தளர்ந்தால் வைத்த இடத்தில் நிற்காது. சிறகைத் தூக்கிப் பிடித்து ஒரு முறை ஊதிப் பார்ப்பாள். ஊதினால் அசைந்து, ஊதுவதை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் முடிச்சு சரி. அந்தச் சோதனை அவளே கண்டுபிடித்தது. கடைசித் துண்டின் ஓரத்தில் இறகு நுனிகளுக்காக விரல்போல ஐந்தாறு வெட்டுகள் வெட்டியிருந்தாள். அடுத்த முறை ஓட்டியபோது கூழைக்கடா நிஜமாகவே பறந்தது. அறையில் எழுந்த கூச்சலில் நூலகர் ஓடிவந்துவிட்டார்.

நிழல்படத்தில் முகம் தெரியாது, கண்ணில் நீர் தெரியாது. ஆளை அடையாளம் சொல்வது ஓரக் கோடு மட்டுமே. கதையில் வரும் ஆச்சியை எப்படிக் காட்டுவது என்று பெரிய விவாதம் நடந்தது. கூன் போடலாம், கம்பு கொடுக்கலாம் என்றார்கள். அதெல்லாம் எந்த நாட்டுப் பாட்டிக்கும் பொருந்தும். நம்மூர் ஆச்சிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். “பாம்படம்” என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். தோள் வரைக்கும் தொங்குகிற காதும் அதன் நுனியில் பாம்படமும் வெட்டி, காதுக்கும் தனியாக ஒரு கீல் வைத்தோம். ஆச்சி குனிந்து குஞ்சைத் தூக்கும்போது பாம்படம் முன்னால் ஆடி, ஒரு சட்டம் தாமதித்துப் பின்னால் வருகிறது. அந்தத் தாமதத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஆச்சியை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு படத்தைப் பற்றிச் சொன்னேன். ஜப்பானின் யூகோ சாகோ, நம் நாட்டின் ராம் மோகன் ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய ராமாயண அனிமேஷன் படம். 1992-இல் முடிக்கப்பட்டது, 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் செல் ஓவியங்கள், அதாவது ஒளி ஊடுருவும் தாள்களில் கையால் வரைந்தவை. ஜப்பானிய ஓவியர்களுக்கு வேட்டியை எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி வாங்குவார்கள் என்பதையெல்லாம் இந்தியக் கலைஞர்கள்தான் விளக்கினார்கள். ராமன் எய்யும் அம்பை வரைவதற்கு யாராலும் முடியும். தகப்பன் காலில் விழும் மகன் எந்தக் கையை முதலில் தரையில் ஊன்றுவான் என்பது அந்த வழக்கத்தோடு வளர்ந்தவர்களுக்கே தெரியும். ஆகையால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வேறு நாட்டுப் படத்தில் பார்த்த நடையையும் கையசைவையும் அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் வீட்டு ஆச்சியை ஒருமுறை குனிந்து நிமிரச் சொல்லிப் பாருங்கள்.

ஆச்சியின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் கழுத்தில் வெளிச்சம் கசிந்துகொண்டே இருந்தது. கோழிகள் பண்ணையைவிட்டுத் தப்பும் ‘சிக்கன் ரன்’ படம் நினைவுக்கு வந்தது. பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் ஸ்டூடியோ களிமண் பொம்மைகளைக்கொண்டு 2000-இல் எடுத்த படம். அந்தக் கோழிகள் கழுத்தில் மணிமாலையும் துணியும் அணிந்திருப்பது அழகுக்காக மட்டும் அல்ல, தலையும் உடலும் சேருமிடத்தின் கோடு தெரியாமல் மறைப்பதற்காகவும்தான். எங்கள் ஆச்சிக்குக் கழுத்தைச் சுற்றிச் சேலைத் தலைப்பு வந்தது. சிக்கல் தீர்ந்தது.

பின்னணிக்கு டிரேசிங் பேப்பரையே கிழித்து அடுக்கினோம். ஒரு தாள் என்றால் வெளிர், இரண்டு என்றால் சற்றுக் கறுப்பு, மூன்று, நான்கு என்று கூட்டக் கூட்ட மேற்கு மலைத்தொடர் தூரமும் பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். மாலை வானத்துக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள். வெட்டுவதைவிடக் கையால் கிழித்த ஓரமே மலைக்குப் பொருத்தமாக இருக்கிறது.

குரல்பதிவைக் கடைசிக்கு வைக்காதீர்கள். பெரிய ஸ்டூடியோக்களில் முதலில் குரலைப் பதிவு செய்துவிட்டு, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் உருவத்தை அசைப்பார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். பேச்சின் நீளத்தை நொடிக் கணக்கில் எழுதி, 12-ஆல் பெருக்கினால் எத்தனை படம் வேண்டும் என்பது வந்துவிடும்.

கதையில் ஒரு குட்டிப் பெண் வருகிறாள். அவளுக்குக் குரல் கொடுக்க வந்த மூன்று வயதுக் குழந்தை, கைபேசியை முன்னால் நீட்டியதும் ஊமையாகிவிட்டது. ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ படத்தில் பூ என்ற குழந்தைக்குக் குரல் கொடுத்த மேரி கிப்ஸ் மிகச் சிறியவள். ஓரிடத்தில் உட்கார்ந்து வசனம் பேசவைக்க முடியாததால், அவள் விளையாடும் இடமெல்லாம் மைக்கோடு பின்னால் போய்ப் பதிவு செய்து, கிடைத்ததைக் கொண்டு காட்சியை அமைத்தார்கள். இதைக் கேட்ட அந்தக் குழந்தையின் அண்ணன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தங்கையோடு தட்டாங்கல் விளையாட உட்கார்ந்தான். சிரிப்பு, சிணுங்கல், “எனக்கு, எனக்கு” என்ற பிடிவாதம் எல்லாம் கிடைத்தன. வசனம் அதற்கேற்ப மாறியது. எழுதிவைத்த வசனத்தைவிட நன்றாகவே இருந்தது.

ஒலிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ‘லயன் கிங்’ படத்தின் சிங்க உறுமல்களில் பலவற்றை ஃபிராங்க் வெல்கர் என்ற குரல் கலைஞர் உலோகக் குப்பைத் தொட்டிக்குள் வாயை வைத்து உறுமித்தான் கொடுத்தார். பிள்ளைகள் செம்பு, குடம், அண்டா என்று வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் கொண்டுவந்து உறுமிப் பார்த்தார்கள். கூழைக்கடாக் குஞ்சின் கரகரத்த முனகலுக்குப் பித்தளைச் செம்பு மிகச் சரியாக அமைந்தது. சிறகடிப்புக்கு நனைத்துப் பிழிந்த துண்டை உதறினோம். உலர்ந்த துண்டு சலசலக்கும், சிறகின் கனம் வராது. குளக்கரையிலேயே நேரடியாகப் பதிவு செய்தால் காற்றின் இரைச்சல்தான் கிடைக்கும். மைக் துளையின் மேல் பாத்திரம் கழுவும் புதிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிக் கட்டிவிட்டால் பெருமளவு குறையும்.

வயது பற்றியும் கேட்கிறார்கள். எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களை உருவத்தை நகர்த்தும் வேலையில் வெகுநேரம் உட்காரவைக்க வேண்டாம். அவர்களுக்கு மலை கிழிக்கும் வேலையும் ஒலி எழுப்பும் வேலையும் கொடுங்கள். நகர்த்துபவர், படமெடுப்பவர், எண்ணிக்கை எழுதுபவர் என்று மூவர் குழு நன்றாக ஓடும். எண்ணிக்கை எழுதுபவர் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். நடுவில் சாப்பிடப் போய்விட்டு வந்தால் சிறகு மேலே போய்க்கொண்டிருந்ததா, கீழே வந்துகொண்டிருந்ததா என்பது யாருக்கும் நினைவிருக்காது. மேசையைத் தாண்டி ஓடுகிற தம்பி தங்கைகளைத் தடுக்க ஒரு கயிறு கட்டுவதும் நல்லது.

மிச்சம் இருப்பது பாதுகாப்பு. 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது பிக்ஸார் கணினியில் யாரோ தவறுதலாக இட்ட அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. காப்புப் பிரதியும் வேலை செய்யவில்லை. அந்தச் சமயத்தில் குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்பப் பொறுப்பாளரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு கதையே சரியில்லை என்று படத்தின் பெரும்பகுதியைக் குறுகிய காலத்தில் புதிதாக எடுத்து 1999 நவம்பரில் வெளியிட்டார்கள் என்பது தனிக்கதை. பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவம் மனதில் ஆழமாகப் பதிந்தது. அன்றன்றைக்கு எடுத்த படங்களை மாலையில் நூலகக் கணினியில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி என்று அவர்களே ஏற்றிவைத்தார்கள். பென் டிரைவ் நூலகத்தில் இருக்கக் கூடாது, வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்று விதி போட்டதும் அவர்கள்தான். சைக்கிள் கடை மேசை இழுப்பறையில், வாஷர் டப்பாவுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது காட்சி எண், தேதி, எடுத்தவரின் முதலெழுத்து என்ற வரிசையில் வையுங்கள். ‘புதியது’, ‘கடைசி’ என்றெல்லாம் பெயர் வைத்தால் ஒரு வாரத்தில் எது எதற்குப் பிந்தியது என்பது தெரியாமல் போய்விடும்.